லைட்பாக்ஸில் வெள்ளைப் பின்னணி சாம்பலாக விழுகிறது: கேமராவில் எதை மாற்றுவது?

வெண்திரை:

வணக்கம். கைக்கடிகாரங்களையும் தோல் பணப்பைகளையும் இணையத்தில் விற்பதற்காகப் படம் எடுக்கிறேன். 60 செ.மீ. லைட்பாக்ஸ் (உள்ளே பொருளை வைத்து எடுக்கும் வெள்ளைத் துணிப் பெட்டி), மேலே இரண்டு எல்இடி பட்டைகள், ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். முக்காலியும் இருக்கிறது. நேரில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் பின்னணி, படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுகிறது. எடிட்டிங்கில் வெளிச்சத்தை ஏற்றினால் பின்னணி வெளுக்கிறது, ஆனால் கடிகாரத்தின் வெள்ளை டயலும் சேர்ந்து வெளிறிப்போய் எண்களே மங்கிவிடுகின்றன. கறுப்புப் பணப்பையை ஃப்ரேம் நிறைய எடுத்தால் நேர்மாறு. தோல் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது.

இப்போது இருக்கும் செட்டிங்: அபெர்ச்சர் ப்ரையாரிட்டி (லென்ஸ் துளையை நான் வைப்பேன், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப் 5.6 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோ, வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோ. புது லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஒளிமானி:

லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பணத்தைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது வெள்ளைத் தாளா கறுப்புத் தோலா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஃப்ரேமில் வெள்ளை அதிகமா, இழுத்து இருட்டாக்கும். கறுப்பு அதிகமா, தூக்கி வெளுப்பாக்கும்.

அதனால் முதல் வேலை, ஆட்டோவை விட்டு வெளியே வருவது. மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8. ஷட்டரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். அது 1/10 நொடியில் நின்றாலும் 1/30இல் நின்றாலும் கவலையில்லை. முக்காலி இருக்கிறது, கடிகாரம் ஓடினாலும் மேசையைவிட்டு ஓடாது. 2 நொடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவது நல்லது.

பெட்டிக்குள் வெளிச்சம் மாறுவதில்லை. ஒரு முறை சரியான ஷட்டரைப் பிடித்துவிட்டால், அடுத்து வெள்ளைப் பொருள் வைத்தாலும் கறுப்பு வைத்தாலும் அதே அளவுதான். ஆட்டோவை விட மனமில்லையென்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமராவின் கணக்கைவிட வெளிச்சத்தைக் கூட்டும் குறைக்கும் பட்டன்) +1 முதல் +1.7 வரை ஏற்றி எடுக்கலாம். ஆனால் பொருள் மாறும்போதெல்லாம் மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

பழையலென்ஸ்:

ஒளிமானி சொன்னது பாதிதான். மேனுவலுக்குப் போனால் சாம்பல் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியை மறுபடி படியுங்கள். வெளிச்சத்தை ஏற்றும்போது டயலும் சேர்ந்து வெளிறுகிறது என்கிறார். டயல் வெள்ளை, பின்னணியும் வெள்ளை, இரண்டும் ஒரே விளக்கின் கீழே. ஷட்டரைத் திருகி ஒன்றை மட்டும் எப்படி ஏற்றுவீர்கள்? இது விளக்கு வைக்கும் விஷயம். கேமராவில் எந்த பட்டனிலும் இதற்கு விடை கிடையாது.

மேலே இருக்கும் எல்இடி பட்டைகள் பெரும்பாலும் பெட்டியின் முன்பக்கம்தான் இருக்கும். பொருளுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும், பின்சுவர் தூரத்தில் இருப்பதால் அதற்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். நடப்பது இது. நமக்கு வேண்டியது நேர்மாறு: பின்சுவருக்குப் பொருளைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். கொஞ்சம்தான். அரை ஸ்டாப்புக்குப் பக்கம், மிஞ்சினால் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு).

அளக்கும் வழி சொல்கிறேன். மீட்டரிங்கை ஸ்பாட்டில் (ஃப்ரேமின் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளப்பது) வையுங்கள். கடிகாரம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை கேமராவைப் பார்த்தபடி நிறுத்தி அளவு எடுங்கள். 1/30 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாளை எடுத்துவிட்டுப் பின்சுவரில் அளவு எடுங்கள். அங்கே 1/40இலிருந்து 1/60க்குள் காட்டினால் நீங்கள் பிழைத்தீர்கள். 1/20 காட்டினால் பின்சுவர் இருட்டு, அதுதான் உங்கள் சாம்பல்.

வெண்திரை:

அளந்து பார்த்தேன். தாளில் 1/40, பின்சுவரில் 1/20. அதாவது ஒரு முழு ஸ்டாப் குறைவு! எல்இடி பட்டைகள் பெட்டியின் கூரையிலேயே ஒட்டியிருக்கின்றன, நகர்த்த முடியாது. வேறு விளக்கு வைக்கலாமா?

பழையலென்ஸ்:

வைக்கலாம். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று. பெட்டியை அப்படியே திருப்பி, விளக்குப் பட்டை பின்சுவர்ப் பக்கம் வரும்படி வைக்க முடியுமா என்று பாருங்கள். சில பெட்டிகளில் கூரை கழன்று வரும், திருப்பி மாட்டலாம். பொருளை நடுவிலிருந்து முன்னால் இழுங்கள். இப்போது பொருளின் முகம் இருட்டும், ஏனென்றால் வெளிச்சம் பின்னால் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட லென்ஸுக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள். இது முடியாதென்றால், பெட்டியின் பக்கச் சுவருக்கு வெளியே ஒரு விளக்கு, பின்சுவரை நோக்கி. பக்கத் துணியே டிஃப்யூசராக வேலை செய்யும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பின்னணி வெள்ளையாக வேண்டும் என்ற ஆசையில் இரண்டு மூன்று ஸ்டாப் ஏற்றிவிடாதீர்கள். பின்னாலிருந்து வரும் ஒளி பொருளின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும், லென்ஸுக்குள் சிதறி கான்ட்ராஸ்டைக் கெடுக்கும். ஸ்டீல் பட்டையின் ஓரம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும்.

ஒளிமானி:

பழையலென்ஸ் சொல்வது சரி, ஆனால் எல்லோரும் ஸ்டுடியோ நடத்தவில்லை. பொருளுக்குச் சரியான எக்ஸ்போஷர் கொடுத்து, பின்னணி 235-245 அருகில் விழுந்தால் போதும் (0 கறுப்பு, 255 முழு வெள்ளை). ரா ஃபைலாக (கேமரா சுருக்காத மூலப் பதிவு) எடுத்திருந்தால், எடிட்டிங் மென்பொருளின் லெவல்ஸில் வெள்ளை முனையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் பின்னணி 255 ஆகிவிடும், டயலை மட்டும் மாஸ்க் போட்டு மறைத்துக் காப்பாற்றலாம். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள், முழுதாக வெளிறிய இடம் திரையில் மினுக்கும். பின்னணி மினுக்கலாம், டயல் மினுக்கக்கூடாது.

பழையலென்ஸ்:

ஒரு படம் என்றால் மாஸ்க் போடலாம். நூறு கடிகாரத்துக்கு? ஒவ்வொன்றின் பட்டை ஓரத்தையும் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? விளக்கை ஒரு மணிநேரம் நகர்த்தினால் அடுத்த மாதம் முழுக்க எடிட்டிங் மிச்சம்.

ஒளிமானி:

சரி, எண்ணிக்கை அதிகமென்றால் உங்கள் கட்சி. இருபது படத்துக்குள் என்றால் என் கட்சி.

கைப்பேசிக்காரர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கேமரா இல்லை, செல்பேசிதான். இதே மாதிரி பெட்டி. எனக்கு இன்னொரு தொல்லை: சில படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகள் வருகின்றன. எல்லாப் படத்திலும் இல்லை. செல்பேசி பழுதா?

நுண்பார்வை:

செல்பேசி நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறை. செல்பேசி சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் சில வரிகள் விளக்கு பிரகாசமாக இருக்கும்போதும் சில வரிகள் மங்கும்போதும் பதிவாகும். அதுதான் பட்டை. புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50க்கு (60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60) அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். இருந்தும் வந்தால் டிம்மரைச் சந்தேகியுங்கள். பல டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஷட்டரில் சரிசெய்யுங்கள்.

மிரர்லெஸ்காரர்களுக்கும் இது பொருந்தும். சைலன்ட் என்று போட்டிருக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

செல்பேசிக்கு இன்னும் மூன்று: எச்டிஆர் வேண்டாம், போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம் (பொருளின் ஓரத்தைத் தின்றுவிடும்), திரையில் பொருளின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிட்டுப் பக்கத்தில் வரும் ஸ்லைடரைத் தூக்குங்கள். டெலி கேமரா இருந்தால் அதில் எடுத்து, நீங்கள் பின்னால் தள்ளிப் போங்கள். முதன்மைக் கேமரா அகலக் கோணம், பக்கத்தில் போய் எடுத்தால் பொருளின் முன்பக்கம் மூக்கு மாதிரி புடைத்துக்கொள்ளும்.

வெண்திரை:

கூரையைத் திருப்பி மாட்டினேன், மேனுவலுக்கும் மாறிவிட்டேன். தாளில் 1/30, பின்சுவரில் 1/40. பின்னணி வெள்ளையாகிவிட்டது, டயலில் எண்கள் தெளிவு! பெரிய நன்றி.

இப்போது அடுத்தது. எஃப் 8இல் டயல் கூர்மையாக இருக்கிறது, பட்டையின் பின்பகுதி மங்கல். எஃப் 22க்குப் போகலாமா? 18 எம்எம் பக்கம் போனால் எல்லாமே கூர்மையாக வருகிறதே?

நுண்பார்வை:

18க்குப் போகாதீர்கள். கைப்பேசிக்காரரிடம் சொன்ன அதே புடைப்பு உங்களுக்கும் வரும், வட்ட டயல் முட்டையாகிவிடும். 55லேயே நில்லுங்கள், ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய சென்சாரில் 85 எம்எம் தருகிற பார்வைக்குக் கிட்டத்தட்ட சமம், பொருள் தன் உருவத்தில் இருக்கும்.

எஃப் 22 பற்றி. ஒளி சின்ன ஓட்டை வழியாகப் போகும்போது விரியும். எஃப் 22இல் ஒரு புள்ளி ஏறக்குறைய 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். ஒரு புள்ளி ஏழு பிக்சலுக்குப் பரவினால் கூர்மை எங்கே இருக்கும்? பின்பகுதி கொஞ்சம் தெளியும், பதிலுக்கு டயல் முதற்கொண்டு எல்லாமே லேசாக மழுங்கும். கூடவே சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வெள்ளைப் பின்னணியில் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். எஃப் 11 வரை போங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துவிடுவோம். ஃப்ரேமின் அகலத்தில் 9 செ.மீ. அடங்குகிற அளவுக்கு நெருங்கி எடுக்கிறீர்கள் என்றால், எஃப் 8இல் கூர்மையாக வருவது ஆறு மில்லிமீட்டர் சொச்சம். எஃப் 11இல் ஒன்பதுக்குப் பக்கம். பட்டையை வளைத்து நிறுத்திய கடிகாரம் முன்னும் பின்னுமாக நாலைந்து செ.மீ. இருக்கும். ஆக எந்த அபெர்ச்சரும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டே வழி. தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது, இணையத்துக்கு இதுவே தாராளம். இல்லையென்றால் ஃபோகஸ் ஸ்டாக்கிங்: எஃப் 8இல் வைத்து, முன் விளிம்பிலிருந்து ஆரம்பித்து ஃபோகஸ் வளையத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தி வரிசையாக எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குவது. அடுத்தடுத்த படங்களின் கூர்மைப் பகுதி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் நடுவில் மங்கல் கோடு தெரியும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லைவ் வியூவைப் பெரிதாக்கி, டயலில் உள்ள எழுத்தைப் பார்த்துக் கையால் திருப்புங்கள். டயலுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பின் மேல் ஆட்டோஃபோகஸ் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

கருவிழி:

கடிகாரம் என்பதால் இரண்டு வார்த்தை. விளம்பரங்களில் முள் 10:10இல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிராண்ட் பெயர் மறையாது, இரு பக்கமும் ஒத்து நிற்கும். நொடிமுள் இருந்தால் மெதுவான ஷட்டரில் அது அசைந்து இரட்டையாக விழும். கிரௌனை (பக்கத்தில் இருக்கும் திருகு) இழுத்தால் பல கடிகாரங்களில் நொடிமுள் நிற்கும், ஆனால் துருத்திக்கொண்டிருக்கும் கிரௌன் படத்தில் தெரியும். குவார்ட்ஸ் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு எடுப்பது சுத்தமான வேலை.

அப்புறம் ஸ்டீல். லைட்பாக்ஸில் ஸ்டீல் எடுத்தவர்கள் எல்லோரும் சொல்வது, "பிளாஸ்டிக் மாதிரி வருகிறது" என்று. காரணம் எளிது. பளபளப்பான உலோகத்துக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக எதுவும் இல்லை, சுற்றியிருப்பதைக் காட்டும். சுற்றி எல்லாம் வெள்ளை என்றால் அதுவும் வெள்ளை, தட்டை. உலோகம் உலோகமாகத் தெரிய அதற்குக் கறுப்பும் வேண்டும். ஒரு கறுப்பு அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிப் பெட்டிக்குள் பக்கவாட்டில், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே அதை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். கேஸின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடி வந்து நிற்கும், அந்த நொடியில் வளைவு எழுந்து நிற்கும். அட்டையைச் சுவருக்குப் பக்கமாகத் தள்ளினால் கோடு மெலியும், பொருளுக்குப் பக்கம் கொண்டுவந்தால் தடிக்கும். இந்த ஒரு அட்டை செய்வதை எந்த எடிட்டிங்கும் செய்யாது என்பது என் கட்சி.

கண்ணாடிக் குப்பி எடுப்பவர்களுக்கும் இதே அட்டைதான். பின்னாலிருந்து வெள்ளை ஒளி, இரு பக்கமும் கறுப்பு அட்டை. குப்பியின் ஓரம் கறுப்புக் கோடாக வரைந்தது போல வரும்.

வெண்திரை:

கறுப்பு அட்டை மந்திரம்தான்! ஆனால் டயல் கண்ணாடியில் கேமராவும் என் கையும் தெரிகின்றன. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் போகுமா?

கருவிழி:

கண்ணாடியில் ஓரளவு போகும், அதுவும் சாய்ந்த கோணத்தில் எடுத்தால். நேருக்கு நேர் எடுத்தால் பலன் குறைவு. ஸ்டீலில் போகாது, உலோகப் பிரதிபலிப்புக்குப் போலரைசர் மசியாது. அதைவிட ஒரு பெரிய அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுப் பெட்டியின் வாயை மூடிவிட்டு அதன் வழியே எடுங்கள். டயல் வெளுப்பு என்றால் வெள்ளை அட்டை, கறுப்பு டயல் என்றால் கறுப்பு அட்டை. அறை விளக்கை அணைப்பதை மறக்க வேண்டாம்.

கைப்பேசிக்காரர்:

அறை விளக்கு எதற்கு? பெட்டிக்குள் வெளிச்சம் போதுமே.

ஒளிமானி:

போதும் என்பதல்ல பிரச்சினை. உங்கள் பெட்டி விளக்கு 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), அறையின் கூரை விளக்கு 3000, ஜன்னல் வேறொன்று. மூன்றும் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். எந்த வைட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. ஒரே விளக்கு, மற்றதெல்லாம் அணை, திரையை இழுத்துவிடு.

வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கவே கூடாது. சிவப்புப் பொருள் வைத்தால் ஒரு நிறம், நீலம் வைத்தால் பின்னணி இன்னொரு நிறம், வரிசையாக அடுக்கினால் அசிங்கமாக இருக்கும். பொருளின் இடத்தில் கிரே கார்டை (நிறம் கலக்காத சாம்பல் அட்டை) வைத்து கஸ்டம் வைட் பேலன்ஸ் எடுத்துப் பூட்டிவிடுங்கள். அலுவலகத் தாளை வைத்து எடுக்காதீர்கள், அதில் வெளுப்பூட்டி கலந்து லேசாக நீலம் அடிக்கும்.

வெண்திரை:

கிரே கார்டு வாங்கி கஸ்டம் எடுத்தேன், பின்னணி சுத்தம். ஆனால் செம்பழுப்புத் தோல் பை மட்டும் படத்தில் உயிரில்லாமல், பச்சை கலந்த பழுப்பாக வருகிறது. வாங்குபவர் "நிறம் வேறு" என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

நுண்பார்வை:

இப்போதுதான் விளக்கைக் குறை சொல்லலாம். பெட்டியோடு வரும் எல்இடிகளில் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பி அனுப்ப முடியாது, வைட் பேலன்ஸ் அதை உருவாக்கவும் முடியாது. விளக்கின் பெட்டியில் சிஆர்ஐ என்று எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு. 95க்கு மேல் பாருங்கள். அந்த எண்ணிலும் ஒரு சூது உண்டு: சிஆர்ஐ எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அதற்குத் தனியாக ஆர்9 என்று ஒரு எண் கொடுப்பார்கள். தோல், மரம், செப்பு எடுப்பவர் ஆர்9ஐக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணே போடாத விளக்கை விட்டுவிடுங்கள்.

அதுவரை சமாளிக்க, அந்தப் பையை மட்டும் வெயில் நேராக விழாத ஜன்னலோரம், மேகமூட்டமான பகலில் எடுத்துப் பாருங்கள். பின்னணி கொஞ்சம் வேலை வாங்கும், நிறம் ஒத்துவரும்.

பழையலென்ஸ்:

இதைத்தான் முதல் பதிலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். விளக்கு.

ஒளிமானி:

மேனுவல் மோடு சொன்னது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள் ஐயா :)

வெண்திரை:

இருவருக்கும் நன்றி, சண்டை வேண்டாம். விளக்கு ஆர்டர் போட்டாயிற்று. கடைசியாக ஒன்று: கணினியில் நிறம் சரியாக இருக்கிறது, தளத்தில் ஏற்றியதும் செல்பேசியில் சோகையாகத் தெரிகிறது. இதுவும் விளக்கா?

நுண்பார்வை:

இல்லை. கேமராவில் கலர் ஸ்பேஸ் (படத்தில் நிறங்களைக் குறிக்கும் முறை) அடோபி ஆர்ஜிபியில் இருக்கிறதா பாருங்கள். ரா எடுத்தால் அந்த மெனு பாதிக்காது, ஏற்றுமதி செய்யும் இடத்தில் இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்து, ப்ரொஃபைலைச் சேர்த்து ஜேபெக் ஆக்குங்கள். நீளப் பக்கம் 2000 பிக்சல் வையுங்கள். அமேசான் மாதிரித் தளத்துக்குப் போகிறதென்றால் முதன்மைப் படத்தில் பின்னணி மூன்று சேனலிலும் 255 இருக்க வேண்டும், பொருள் ஃப்ரேமில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். மென்பொருளில் நிறத்தின் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். கீழ் மூலைகள்தான் பெரும்பாலும் 250இல் நின்று ஏமாற்றும்.

வெண்திரை:

அடோபி ஆர்ஜிபிதான் இருந்தது. மாற்றி ஏற்றியாயிற்று, செல்பேசியிலும் இப்போது ஒத்துவருகிறது. இடது கீழ் மூலை 248.

பழையலென்ஸ்:

வெள்ளை அட்டையை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்.